தஞ்சைக் கல்லில் எழுதிய பெயர்கள்

(நமது பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பங்கு மக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் பங்கிலிருந்து ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்குப் பஸ் புறப்படுகிறது. காங்கயம், கரூர், திருச்சி என்று இரவெல்லாம் ஓடி, விடியற்காலையில் தஞ்சாவூரைக் கடக்கிறோம். அந்த நேரத்தில் பஸ்ஸில் விழித்திருப்பவர் டிரைவர் ஒருவரே! சென்ற யாத்திரையில் திரும்பி வரும்போது ஒரு பகல் அங்கே தங்கி, அப்பழைய நகரைச் சுற்றிப் பார்த்தோம். கண்டதை எல்லோருக்கும் சொல்லும்படி சுவாமி அவர்கள் பணித்ததால் இங்கு நிற்கிறோம்.

முதலில் ஓர் ஐயம். "பெரிய கோயிலுக்குள் நாம் போகலாமா?" என்று பஸ்ஸிலேயே சிலர் கேட்டார்கள். 1965-ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று தெளிவாகவே அறிவித்தது. அது இன்றும் வழிபாடு நடக்கும் இடம். எனவே செருப்பைக் கழற்றி, குரலைத் தாழ்த்தி, பூசை வேளையில் ஒதுங்கி நின்றோம். நம் கோயிலுக்கு வரும் பிறர் எப்படி நடக்கவேண்டும் என்று விரும்புகிறோமோ, அப்படியே நாமும் நடந்துகொண்டோம்.

முதலாம் இராசராச சோழன் எழுப்பிய அக்கோயிலின் விமானம் ஏறக்குறைய 216 அடி உயரம். தம் ஆட்சியின் 25-ஆம் ஆண்டு, 275-ஆம் நாளில், உச்சியில் வைக்கச் செப்புக் குடம் ஒன்றை மன்னர் அளித்தார் என்று கல்வெட்டே கூறுகிறது. அது 1010-ஆம் ஆண்டு. தஞ்சையைச் சுற்றிலும் வயல்வெளிதான். மலையோ பாறையோ கிடையாது. கல் முழுவதும் புதுக்கோட்டைப் பக்கத்துக் குன்றுகளிலிருந்து வந்திருக்கவேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. லாரி இல்லை, கிரேன் இல்லை. மாடும் மனிதனுமே இழுத்த கற்கள் அவை!

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சிறு வயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். அன்று மாலை அந்த நிழலில்தான் உட்கார்ந்து இளைப்பாறினோம். உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பதும் அப்படிப்பட்ட பேச்சே. பல கற்களை இணைத்து அமைத்தது என்று ஆய்ந்தவர்கள் கூறுகின்றனர். பெரிய நந்தியும் சோழர் காலத்தது அன்று, பின்வந்த நாயக்கர் காலத்தது. பொய்யான பெருமை அக்கோயிலுக்குத் தேவையில்லை. உள்ளதே போதும்.

வியப்பான செய்தி வேறொன்று உண்டு. இத்தனை பெரிய கோயிலைக் கட்டியவர் யார் என்பதையே மக்கள் மறந்து போனார்கள்! தலபுராணம் வேறொரு சோழனின் பெயரைச் சொல்லிற்று. மக்களும் அதையே நம்பினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஹுல்ஷ் என்ற ஜெர்மன் அறிஞர் அங்குள்ள கல்வெட்டுகளைப் படித்து வெளியிட்ட பிறகே, இராசராசன் பெயர் உலகறிய வந்தது. பெயர் சுவரில் இருந்தது. படிக்க ஆள்தான் இல்லை. ஓவியங்களின் கதையும் இதுவே. நாயக்கர் காலத்து ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் மறைந்து கிடப்பதை 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார்.

அன்பார்ந்த பங்கு மக்களே! அந்தச் சுவர்களில் மன்னர் தம் பெயரை மட்டுமா எழுதினார்? தாம் கொடுத்ததையும், தம் தமக்கை குந்தவையார் கொடுத்ததையும், தேவியர் கொடுத்ததையும், மற்றையோர் கொடுத்ததையும் சேர்த்தே எழுதச் செய்தார். கோயிலைச் சமைத்த குஞ்சரமல்லன் என்னும் பெருந்தச்சர் பெயர் அங்கே இருக்கிறது. அவருக்கு 'இராசராசப் பெருந்தச்சன்' என்று மன்னர் தம் பெயரையே பட்டமாகக் கொடுத்திருக்கிறார். நாவிதருக்கும் அவ்வாறே பட்டம் உண்டு. பல ஊர்க் கோயில்களிலிருந்து வந்து குடியேறிய 400 ஆடல் மகளிரின் பெயரும், எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீடு என்பதும் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு பங்கு, அதாவது நூறு கலம் நெல். ஒருவர் இறந்தால் அவருடைய நெருங்கிய உறவினருக்குத் தகுதியிருந்தால் அந்த வேலை சேரும். விளக்கேற்றுவோர், குடைபிடிப்போர், குயவர், வண்ணார், தச்சர் என்று பட்டியல் நீள்கிறது. விளக்கெரிய நெய் அளக்கவேண்டிய இடையர் பெயர்களும் உண்டு. ஒரு விளக்குக்கு 96 ஆடு. நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய்.

தையற்காரருக்கும் அந்தப் பட்டியலில் பங்கு உண்டு என்று கேட்டதும், எங்களோடு வந்த, ஓவர்லாக் மெஷினில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கும் அக்கா ஒருவர், "ஆயிரம் வருசத்துக்கு முந்தியே டைலருக்குக் கணக்கு எழுதிட்டாங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு யாரும் சிறிது நேரம் பேசவில்லை. நாம் தைக்கும் பனியனின் கழுத்தில் கம்பெனி பெயர் இருக்கிறது, சைஸ் இருக்கிறது. கட்டிங் மாஸ்டரின் பெயரோ, டைலரின் பெயரோ, கைமடிக்கும் பெண்ணின் பெயரோ இல்லை. வாரக் கூலி கணக்கில்கூடச் சில இடங்களில் நம்பர்தான்.

பின்னர் அரண்மனைக்குப் போனோம். நாயக்கர் தொடங்கி மராட்டியர் வளர்த்த கட்டடம் அது. 1951-ல் நிறுவப்பட்ட கலைக்கூடத்தில் செப்புத் திருமேனிகளைக் கண்டோம். அடுத்துள்ள சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகள் காக்கப்படுகின்றன. 1832 வரை வாழ்ந்த இரண்டாம் சரபோஜி மன்னர் அதைப் பெரிதும் வளர்த்தார். 1918-ல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சிவகங்கைத் தோட்டத்தருகே 1779-ல் கட்டிய சுவார்ட்ஸ் தேவாலயம் இருக்கிறது. அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர், லுத்தரன் குரு. இளம் சரபோஜியைத் தம் பிள்ளைபோல் காத்துக் கல்வி தந்தவர். அவர் மரணப் படுக்கையருகே மன்னர் நிற்கும் காட்சியை இங்கிலாந்துச் சிற்பி பிளாக்ஸ்மன் சலவைக்கல்லில் வடித்திருக்கிறார். மன்னர் ஒரு சமயம், குரு ஒரு சமயம். நன்றி இருவருக்கும் பொது.

இனி, எங்கள் மனத்தை வருத்தியதையும் சொல்லவேண்டும். பழைய கட்டடங்களிலே, கைக்கெட்டிய இடத்திலெல்லாம் ஆணியாலும் சாவியாலும் கீறிய பெயர்கள்! பெயர் நிலைக்கவேண்டும் என்ற ஆசை தவறன்று. ஆனால், பெருந்தச்சர் தம் பெயரை உழைப்பால் பெற்றார். இவர்கள் பிறர் உழைப்பைக் கீறிப் பெறப் பார்க்கிறார்கள். 1987 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்கும் கோயிலுக்கு நம் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, இதை முதலில் சொல்லிக்கொடுங்கள்.

"நம் திருப்பூரில் என்ன பழமை இருக்கிறது? கம்பெனியும் புகையும்தானே" என்று நினைக்கவேண்டாம். அதே தஞ்சையில் 1981-ல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம், அந்தப் பத்தாண்டுகளிலேயே, நம் நொய்யலின் வடகரையில் சென்னிமலைக்கு அருகேயுள்ள கொடுமணலை அகழ்ந்தது. மணி செய்த பட்டறையும், இரும்பு உருக்கிய உலையும், நூல் நூற்ற தக்களியும் வெளிப்பட்டன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பானை ஓடுகளில் கண்ணன் ஆதன், சம்பன் சுமணன் என்று மனிதர் பெயர்கள் தமிழ் எழுத்தில் இருந்தன. இந்த ஆற்றங்கரையில் நூல் நூற்றவர்கள் நமக்கும் முந்தியவர்கள். அந்த ஆற்றில்தான் நம் தலைமுறை சாயத்தண்ணீரை விட்டது. அதையும் நினைவில் வைப்போம்.

ஆகவே இந்தப் பொன்விழா ஆண்டில் ஒரு வேண்டுகோள். நம் கோயில் முகப்பில் நன்கொடையாளர் பெயர்கள் சலவைக்கல்லில் இருக்கின்றன. அது முறையே. ஆனால் மண் சுமந்த தாய்மார் யார்? ஷிப்ட் முடிந்து வந்து இரவில் செங்கல் எடுத்துக் கொடுத்த தொழிலாளர் யார்? கொத்தனார் யார்? அவர்களுள் வேற்றுச் சமயத்தாரும் உண்டு என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதவேண்டும். இன்று நம்மோடு பூசை காணும் ஒடிசா, ஜார்க்கண்டுத் தம்பிமாரையும் 'இந்திக்காரப் பையன்' என்று கூப்பிடாமல் பெயர் கேட்டு அழைப்போம்.

கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி உபதேசியாரிடம் கொடுத்திருக்கிறோம். ஞாயிறு பூசை முடிந்ததும் உங்கள் வீட்டுப் பெரியவர்களை அழைத்து வந்து, தெரிந்த பெயர்களைச் சொல்லுங்கள். இதுவரை பதினொரு பெயர்கள் சேர்ந்துள்ளன.