பழைய காருக்குப் புதிய என்ஜின்

பழைய காரில் புதிய என்ஜினைப் பொருத்துவது பற்றி இன்று நாம் காண்போம்.

ஜெர்மனியின் ஆவ்டி நிறுவனம் 1980ஆம் ஆண்டில் குவாட்ரோ எனும் ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. அதன் ஐந்து சிலிண்டர் என்ஜினுக்கு 200 குதிரைத்திறன். அந்நிறுவனம் 2016இல் அறிமுகப்படுத்திய ஐந்து சிலிண்டர் என்ஜினுக்கோ 400! பழைய காரில் இதனைப் பொருத்திப் பார்க்கும் ஆசை சிலருக்கு எழுவது இயல்பே.

ஆனால் பழையது நெடுக்காக நிற்கும் என்ஜின். புதியது குறுக்காக நிற்பது. ஆகவே அதனைத் தாங்கும் இரும்புகளையும் கியர்ப்பெட்டி இணைப்பையும் புதிதாகச் செய்யவேண்டும். எரிபொருள் பம்பு, மின்கம்பிகள் ஆகியவற்றையும் மாற்றவேண்டும்.

இத்தனையும் செய்துவிட்டுப் பழைய பிரேக்கையே விட்டுவைக்கலாமா? வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் கார் ஓடும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். மோட்டார் சைக்கிளின் வேகத்தைக் கூட்ட விரும்பும் நம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவைப்போம்: முதலில் பிரேக், பிறகே என்ஜின்.