நோயை நிறுத்தியது பட்டாளமல்ல
(வாயிற் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2014-ம் ஆண்டு மேற்கு ஆப்பிரிக்காவின் கினியா, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் எபோலா என்ற கொடிய தொத்துநோய் பரவிற்று. அது ஓய்வதற்குள் 11,000-க்கும் மேற்பட்ட மக்கள் மாண்டனர்.

இந்தக் கிருமி காற்றில் பறந்து வருவதல்ல. நோயாளியின் இரத்தம், வாந்தி, பேதி பட்டால் தொத்தும்; பிணத்தைக் குளிப்பாட்டும் கையிலும் தொத்தும். ஆகவே தாய்க்குப் பணிவிடை செய்த மகளும், கையுறைகூடக் கிடைக்காத ஆஸ்பத்திரித் தொழிலாளியும் பலியானார்கள்.

லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் வெஸ்ட் பாயிண்ட் என்ற ஏழைகளின் சேரி. சர்க்கார் என்ன செய்தது? முள்கம்பி கட்டிப் பட்டாளத்தை நிறுத்திற்று. துப்பாக்கிச் சூட்டில் ஒரு சிறுவன் இறந்தான். நோய் நின்றதா? இல்லை! பத்தே நாளில் முற்றுகையை எடுத்துவிட்டார்கள்.

பின் எப்படி நின்றது? ஊர் இளைஞர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். நோயாளியைத் தொட்டவர்களை 21 நாள், தினந்தோறும் பார்த்து வந்தார்கள். காய்ச்சல் கண்டவரைத் தனியே வைத்துச் சிகிச்சை அளித்தார்கள். மரியாதை குறையாமல், பத்திரமாகப் பிணங்களை அடக்கம் செய்தார்கள். சின்னஞ்சிறு கியூபா, சியரா லியோனுக்கு மட்டும் 165 வைத்திய ஊழியர்களை அனுப்பியது.

நாம் கற்கும் பாடம் இதுதான்: கொள்ளைநோய் வந்தால் துப்பாக்கி வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டும், ஊழியர்களுக்குக் கையுறை வேண்டும், 21 நாள் வேலைக்குப் போகாதவன் வீட்டுக்கு அரிசி வேண்டும். இதைக் கேட்பது நம் உரிமை!