பிணி தீர்ப்போரின் களைப்புக்குப் பொறுப்பாளர் யார்?

(பொதுக்கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



வைத்தியசாலையைப் பற்றிப் பேச வழக்கறிஞன் ஒருவனுக்கு என்ன உரிமை உண்டு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நோயைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ பேச நான் வரவில்லை. நோயாளியைத் தொட்டுப் பணிசெய்யும் கைகளிடமிருந்து எத்தகைய நிபந்தனைகளின் கீழ் வேலை வாங்கப்படுகின்றது என்பதைப் பற்றியே பேச வந்துள்ளேன். வேலை நிபந்தனை என்பது சட்டத்தின் பாற்பட்டது. சட்டமோ அரசியலின் பாற்பட்டது. அரசியல் இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் உரியது.

அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்று மீளும் நம் மக்களிடமிருந்து அடிக்கடி எழும் முறைப்பாடு ஒன்றுண்டு. “டொக்டர் தலை நிமிர்ந்தும் பார்க்கவில்லை, நேர்ஸ் எரிந்து விழுந்தார்” என்பதே அது. களையெடுக்கும் காலத்தில் வயலை விட்டுவிட்டு, முதல் பஸ்ஸில் வந்து, வெயில் ஏறும்வரை வரிசையில் நின்ற கமக்காரருக்கு அந்த ஒரு சொல் எத்தனை வேதனையைத் தரும்! அவருடைய சினம் நியாயமானது. அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்தச் சினம் யாரை நோக்கிச் செல்ல வேண்டும் என்பதே இன்று நான் உங்கள்முன் வைக்கும் வினா.

எண்ணெய் வற்றிய விளக்கு

விளக்கில் எண்ணெய் உள்ளவரை திரி எரிவதில்லை, எண்ணெயே எரிகின்றது. எண்ணெய் வற்றியபின் திரியே கருகத் தொடங்கும். ஓயாத வேலையினால் மனிதருக்கு நேரும் இத்தகைய நிலையை 1974 இல் ஹேர்பேட் புறொய்டன்பேகர் என்னும் அமெரிக்க உளவியலாளர் எழுத்தில் வகுத்தார். அவர் அதனைக் கண்டது ஆலைத் தொழிலாளரிடத்தில் அன்று. ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் செய்த நிலையங்களில் ஆர்வத்தோடு பணிபுரிந்தோரிடத்திலேயே கண்டார். ஆர்வம் குறைந்தவர்களைவிட ஆர்வம் மிகுந்தவர்களே முதலிற் கருகினர் என்பது சிந்திக்கத்தக்கது.

இந்தப் பணிச்சோர்வுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்றுக்கொண்ட வகைப்பாட்டில் ஒரு வரையறை தரப்பட்டுள்ளது. அதன் அடையாளங்கள் மூன்று: ஆற்றல் அற்றுப்போதல்; செய்யும் தொழிலில் மனம் ஒட்டாமை அல்லது வெறுப்பு; தன்னால் எதையும் செவ்வனே செய்ய முடியவில்லை என்னும் எண்ணம். அந்நிறுவனம் இதனைத் தனிமனிதரைப் பற்றிய நோயாகக் கொள்ளவில்லை. வேலைத்தலத்தில் நீங்காது நின்ற நெருக்கடி முறையாகக் கையாளப்படாமையின் விளைவு என்றே கூறியுள்ளது. சட்டத்தின் மொழியில் இதன் பொருள் மிகப் பெரிது. வேலைத்தலத்தின் விளைவு என்றால், வேலைத்தலத்தை நடத்துபவர் அதற்குப் பதில் சொல்லவேண்டியவர் ஆகின்றார்.

இத்துறையில் நெடுங்காலம் ஆராய்ந்த கிறிஸ்ரினா மஸ்லாக் என்னும் அம்மையாரும் அவருடன் ஆராய்ந்த மைக்கேல் லைற்றரும் பணிச்சோர்வின் ஊற்றுக்கள் ஆறு என வகுத்தனர். வேலைப்பளு, தன் வேலைமீது தனக்குள்ள அதிகாரம், உழைப்புக்குக் கிடைக்கும் பயன், உடன் பணிபுரிவோர் உறவு, நீதி, மனச்சான்றோடு ஒத்த கொள்கை ஆகியன அவை. இவற்றுள் ஒன்றேனும் ஊழியருடைய மனவலிமையின் குறைவைப் பற்றியதன்று. ஆகவே, “தாதியருக்குப் பொறுமை கற்பியுங்கள், வைத்தியருக்குத் தியானம் கற்பியுங்கள்” என்போர் எண்ணெய் ஊற்றாமல் திரியைத் தூண்டுவோரே ஆவர்.

நம் வைத்தியசாலைகளின் நிலை

இந்த அளவுகோலைக் கொண்டு நம் நாட்டு வைத்தியசாலைகளை நோக்குவோம். உள்ளகப் பயிற்சி வைத்தியர் ஒருவர் பகல் முழுவதும் விடுதியில் நின்று, இரவும் அழைப்புக்கு ஆயத்தமாயிருந்து, விடிந்ததும் மீண்டும் விடுதிக்கே செல்வது எவரும் அறிந்த வழக்கம். தாதி ஒருவர் லீவிற் சென்றால் அவருடைய வேலை மறைந்துவிடுவதில்லை. அது அருகில் நிற்பவரின் தோளில் ஏறுகின்றது. நெடுந்தீவைப் போலப் படகிலன்றிப் போக முடியாத இடத்தில் மாற்றுக்கு ஆள் வராவிட்டால் அங்குள்ள வைத்தியருக்கு இரவென்றும் பகலென்றும் வேறுபாடில்லை.

இந்தச் சுமையின்மேல் 2022 இன் பொருளாதார வீழ்ச்சி வந்து விழுந்தது. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் மருந்துத் தட்டுப்பாட்டினால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை அரசாங்கம் இடைநிறுத்தியது. நடுவாண்டில் எரிபொருள் இன்றிக் கடமைக்குச் செல்லவே ஊழியர் அல்லற்பட்டனர். இன்ன நோய், இன்ன மருந்து என்று அறிந்திருந்தும் அம்மருந்தைக் கொடுக்க முடியாமல், “வெளியே வாங்கி வாருங்கள்” என்று ஏழையிடம் சொல்ல நேர்ந்த வைத்தியரின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்! மனச்சான்றோடு ஒத்த கொள்கை என்று முன்னர்க் குறிப்பிட்டேனே, அது முறியும் இடம் இதுவே.

அரசாங்க ஊழியர் சம்பளமற்ற லீவில் ஐந்தாண்டுவரை வெளிநாடு செல்ல 2022 இல் அரசாங்கமே சுற்றறிக்கை மூலம் வழி திறந்தது. வைத்தியரும் தாதியரும் பெருந்தொகையாகப் புறப்பட்டனர். சென்றவர்களை நான் குறைகூறேன். ஆனால் ஒருவர் செல்ல, எஞ்சியவரின் சுமை கூட, அந்தச் சுமை தாளாது அவரும் செல்ல, இவ்வாறு தன்னைத்தானே வளர்க்கும் சுழல் ஒன்று உருவாகிவிட்டது.

நீதி என்னும் ஊற்றும் கலங்கியே கிடக்கின்றது. 2024 சனவரியில் வைத்தியருக்குரிய கொடுப்பனவு ஒன்றை 35,000 ரூபாவிலிருந்து 70,000 ரூபாவாக உயர்த்தத் தீர்மானித்தபோது, ஒரே விடுதியில் ஒரே இரவில் விழித்திருக்கும் ஏனையோர் புறக்கணிக்கப்பட்டதாகக் கருதி வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஒரு கூரையின்கீழ் பணிபுரிவோரை ஒருவர்மீது ஒருவர் குறைகாணச் செய்வது எவருக்கும் நலம் பயக்காது.

நம் மாகாணங்களுக்கே உரிய சுமை ஒன்றும் உண்டு. வைத்தியர் ஒரு மொழியும் நோயாளி மற்றொரு மொழியும் பேசுமிடத்து, இடையில் நின்று மொழிபெயர்ப்பவர் தாதியோ சிற்றூழியரோதான். அந்த வேலை அவருடைய கடமைப் பட்டியலில் இல்லை, அதற்கு நேரமும் இல்லை, ஊதியமும் இல்லை. தமிழ் 1987 இன் 13 ஆம் திருத்தத்தால் அரசகரும மொழியாயிற்று. அந்த ஏட்டுரிமையை விடுதியில் நடைமுறைப்படுத்துவது களைத்துப்போன ஓர் ஊழியரின் நாக்கு! அதே திருத்தம் போதனா வைத்தியசாலைகளும் விசேட வைத்தியசாலைகளும் ஒழிந்த ஏனையவற்றை மாகாண சபைகளுக்கு வழங்கியது. ஆயினும் எத்தனை வைத்தியர், எந்த ஊருக்கு, எப்போது இடமாற்றம் என்பதைக் கொழும்பு அமைச்சே தீர்மானிக்கின்றது. தன் விடுதிக்கு எத்தனை கைகள் வேண்டும் என்பதை அந்த விடுதியில் நிற்பவர் சொல்ல, அதைக் கேட்பார் அருகில் இல்லை.

களைப்பின் விலையைக் கொடுப்பவர் நோயாளியே

“அவர்கள் களைத்தால் எங்களுக்கென்ன?” என்று எவரும் எண்ணற்க. பொஸ்ரன் நகர வைத்தியசாலை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பயிற்சி வைத்தியரிடையே ஓர் ஆராய்ச்சி நடத்தி, அதன் முடிவுகளை 2004 இல் வெளியிட்டனர். 24 மணி நேரமும் அதற்கு மேலும் தொடர்ந்து நிற்கும் பழைய முறையில், வேலை நேரம் குறைக்கப்பட்ட முறையைக் காட்டிலும் ஏறத்தாழ 36 வீதம் கூடுதலான பாரதூரமான தவறுகள் நேர்ந்தன. மனிதர் அவர்களே, கல்வி அதுவே, வைத்தியசாலையும் அதுவே. மாறியது வேலை நேர ஒழுங்கு மட்டுமே.

சட்டம் காட்டிய வழி

1984 இல் நியூயோர்க் வைத்தியசாலை ஒன்றில் 18 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் அனுமதிக்கப்பட்ட சில மணி நேரத்துள் இறந்தார். அவரைப் பார்த்தவர்கள் பல நோயாளரின் பொறுப்பை ஒருங்கே சுமந்த பயிற்சி வைத்தியர்கள். விசாரணை செய்த பெருஞ்சூரியர் சபை வைத்தியர்மீது குற்றப்பத்திரம் கொண்டுவராது, அவர்களை அந்நிலையில் நிறுத்திய முறைமையையே கண்டித்தது. அதன் பயனாக 1989 இல் அந்த மாநிலத்தில் வாரத்துக்கு 80 மணி, தொடர்ச்சியாக 24 மணி என்னும் எல்லைகள் விதிக்கப்பட்டன.

இங்கிலாந்தில் ஜோன்ஸ்ரன் என்னும் இளம் வைத்தியர் தம்மை வேலைக்கு வைத்திருந்த சுகாதார அதிகார சபைமீது வழக்குத் தொடுத்தார். வாரத்துக்கு 40 மணி வேலையும், அதற்குமேல் சராசரி 48 மணி அழைப்புக் கடமையும் அவருடைய ஒப்பந்தத்தில் இருந்தன. “ஒப்பமிட்டவர் நீர்தானே” என்பது சபையின் வாதம். 1991 இன் சட்ட அறிக்கைகளில் வெளியான அத்தீர்ப்பில், ஊழியரின் உடல்நலத்தைக் காக்கும் கடமை முதலாளிக்கு உண்டென்றும், அவருடைய வழக்கு விசாரணைக்கு உரியதே என்றும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரும்பான்மையோர் கூறினர். 2000 இல் ஸ்பானிய வைத்தியர் தொடர்பான வழக்கிலும், 2003 இல் ஜேர்மன் வைத்தியர் ஒருவரின் வழக்கிலும் ஐரோப்பிய நீதிமன்றம், வைத்தியசாலையிலேயே அழைப்புக்குக் காத்திருக்கும் நேரம் முழுவதும் வேலை நேரமே என்று தீர்த்தது. இடையில் உறங்க இடமளிக்கப்பட்டாலும் அவ்வாறேயாம்.

நம் நாட்டில் என்ன நிலை? 1954 இல் இயற்றப்பட்ட கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி, மேலதிக நேரம் வாரத்துக்கு 12 மணிக்கு மேற்படாது என்று வரையறுத்தது. துணிக்கடையில் சேலை அளந்து கொடுப்பவரின் ஓய்வைச் சட்டம் காக்கின்றது, அது நன்று. ஆனால் அரசாங்க வைத்தியசாலையில் குழந்தையின் நாளத்தில் ஊசி ஏற்றுபவருக்கு அந்தச் சட்டத்தின் காவல் இல்லை. அவர் தாபனக் கோவைக்கும் சுற்றறிக்கைகளுக்கும் உட்பட்டவர். எந்தக் கை தவறினால் உயிர் போகுமோ அந்தக் கைக்கு ஓய்வு சட்டத்தால் உறுதிசெய்யப்படவில்லை என்பது எந்த நீதி?

தொண்டு என்னும் வாதம்

“வைத்தியம் தொண்டல்லவா? தொண்டுக்கு மணிக்கணக்கு உண்டா?” என்று கேட்பாருளர். 1987 ஒக்ரோபர் 21, 22 ஆம் நாட்களில் யாழ்ப்பாண வைத்தியசாலையில் நோயாளரோடு வைத்தியரும் தாதியரும் ஊழியரும் சுட்டுக்கொல்லப்பட்டனர். 2009 இல் வன்னியில் பாடசாலைக் கட்டடங்களிலும் தறப்பாள்களின் கீழும் எறிகணைகளுக்கிடையே காயங்கள் கட்டப்பட்டன. தொண்டின் எல்லை எதுவென்று நம் மண்ணின் மருத்துவ ஊழியருக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. ஆனால் பேரிடரில் அவர்கள் மனமுவந்து தாங்கியதைச் சாதாரண நாளின் அளவுகோலாக்குவது அந்தத் தியாகத்துக்குச் செய்யும் மரியாதையன்று. கமக்காரப் பெருமக்களே, நீங்கள் அறியாததன்று: உழவு எத்துணை அவசரமாயினும் வெயிலேற ஏர்மாட்டை அவிழ்த்துவிடுகின்றீர்கள். விடாவிட்டால் மறுநாள் ஏரும் இல்லை, மாடும் இல்லை.

“பணத்துக்கு எங்கே போவது?” என்பது அடுத்த வாதம். ஒரு வைத்தியரை உருவாக்க ஐந்தாண்டுப் பல்கலைக்கழகக் கல்வியும் ஓராண்டுப் பயிற்சியும் வேண்டும். செலவு நம் வரிப்பணம். அவரைக் களைப்பினால் இழப்பது சிக்கனமாகாது. இன்னொரு சிக்கலையும் நேர்மையோடு ஒப்புக்கொள்ளவேண்டும். அடிப்படைச் சம்பளம் போதாமையால் ஊழியர் பலர் மேலதிக நேரக் கொடுப்பனவை நம்பியே குடும்பம் நடத்துகின்றனர். நேரத்தைக் குறைத்து, சம்பளத்தை உயர்த்தாது விட்டால் அது சீர்திருத்தமன்று, தண்டனையே. இரண்டையும் ஒருங்கே செய்தல் வேண்டும்.

நாம் கேட்பவை

ஆகவே நம் கோரிக்கைகள் நான்கு.

முதலாவது, வைத்தியர் தொடக்கம் சிற்றூழியர் வரை எல்லோருக்கும் தொடர் வேலை நேரத்தின் எல்லையும் கட்டாய ஓய்வும் சட்டத்தில் எழுதப்படல் வேண்டும். வைத்தியசாலையில் காத்திருக்கும் நேரமும் வேலையாகக் கணிக்கப்படல் வேண்டும். தாதியருக்கு மேலதிக நேரம் உட்பட நாளுக்கு 12 மணி என்னும் எல்லையைச் சர்வதேச தொழில் தாபனம் 1977 இலேயே விதந்துரைத்துள்ளது.

இரண்டாவது, ஒவ்வொரு வைத்தியசாலையிலும் அனுமதிக்கப்பட்ட ஆளணி எவ்வளவு, வெற்றிடம் எவ்வளவு என்பதை மாதந்தோறும் மக்கள் காணும் பலகையில் எழுதிவைத்தல் வேண்டும்.

மூன்றாவது, தமிழ்பேசும் நோயாளர் உள்ள வைத்தியசாலைகளில் மொழிபெயர்ப்பாளர் பதவிகள் ஏற்படுத்தப்படல் வேண்டும்.

நான்காவது, குறைபாட்டையும் தவறையும் தண்டனைக்கு அஞ்சாது எடுத்துச்சொல்ல ஊழியருக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும்.

இவற்றை ஊழியர் மட்டும் கேட்டால் “சம்பளத்துக்காகக் கத்துகிறார்கள்” என்பர். நோயாளராகிய நாம் கேட்டால் அவ்வாறு சொல்ல இயலாது. ஊர்தோறும் வைத்தியசாலைக்கு மின்விசிறியும் கட்டிலும் வாங்கிக்கொடுக்கும் நலன்புரிச் சங்கங்கள் உள்ளன. அவை அடுத்த கூட்டத்தில் ஒரு வினாவையும் கேட்கட்டும்: “நேற்றிரவு எங்கள் விடுதியில் எத்தனை பேர் கடமையில் நின்றார்கள்? அவர்கள் எத்தனை மணி நேரம் உறங்காதிருந்தார்கள்?” ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் வழக்கறிஞர்களும் அந்த வினாவை மனுவாக எழுதிக் கொடுக்கட்டும். பாராளுமன்றத்தில் நம் பிரதிநிதிகள் அதற்கு விடை பெறட்டும்.

நம்மைக் காக்கும் கைகளுக்கு ஓய்வு கேட்பது நமக்கே உயிர் கேட்பதாகும். அதை இரந்து கேளாது உரிமையாகக் கேட்போம் என்று கூறி, என் உரையை முடித்துக்கொள்கின்றேன்.