பழைய கூடு, புதிய முகம்: சின்ன கார்கள் ஏன் மெதுவாக மாறுகின்றன?

இன்றைய அரங்கில் எடுத்துக்கொள்ளப்பட்ட தலைப்பு சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ் என்று கெடாவின் எந்தப் பட்டணத்திலும், கார் வாங்க நினைக்கும் குடும்பத்தில் எழும் கேள்விதான் இது. பக்கத்து வீட்டுக்காரர் பெரிய திரை வைத்த சீனக் காரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். நாட்டில் அதிகமானோர் வாங்கும் சின்ன கார்கள் மட்டும் ஆண்டுக்கணக்கில் அதே உருவத்தில் வந்துகொண்டிருக்கின்றன. இவ்வளவு போட்டி வந்த பிறகும் கம்பெனிகள் ஏன் அவற்றை மாற்றத் தயங்குகின்றன?

"வாங்க ஆள் இருக்கும்போது அவன் ஏன் மாற்றப் போகிறான்?" என்பது காப்பிக் கடையில் கிடைக்கும் பதில். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது பாதி உண்மைதான்.

தோட்டத்துக்கு வந்த கார்

முதலில் நம் நாட்டுக் கதையைப் பார்ப்போம். 1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வெளிவந்தது. அதன் அடிப்படை ஜப்பானின் மிட்சுபிஷி லான்சர். 1992இல் இஸ்வாரா என்ற பெயரில் முகம் மாறியது. ஆனால் உள்ளிருந்த அடிப்படை 2008இல் புதிய சாகா வரும்வரை நீடித்தது. அதாவது, 22 ஆண்டுகளுக்கும் மேல்!

1994இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. டைஹட்சு மீராவை அடிப்படையாகக் கொண்ட அந்தக் குட்டிக் கார் 2009 வரை தயாரிக்கப்பட்டது. கெடாவில் ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறி, நம்மவர்கள் லயத்து வீடுகளை விட்டுப் பட்டணத்துக்கு நகர்ந்த காலம் அது. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவிலும் சுங்கைப்பட்டாணித் தொழிற்பேட்டைகளிலும் வேலை கிடைத்தது. ஆனால் முறைமாற்று வேலைக்குப் போகிறவர்களுக்குப் பேருந்தை நம்பிக் காலம் தள்ள முடியவில்லை. மோட்டார் சைக்கிளில் மழையில் நனைந்து போய் வந்த பல குடும்பங்களுக்குக் கஞ்சில்தான் முதல் கார். அது அழகாக இருக்கிறதா என்று அன்று யாரும் கேட்கவில்லை. மாதத் தவணை கட்ட முடியுமா, பட்டறையில் சாமான் கிடைக்குமா என்றுதான் கேட்டார்கள்.

அச்சில் முடங்கும் பணம்

இனி தொழிற்சாலைக்குள் போவோம். காரின் கதவு, கூரை, முன்மூடி எல்லாம் இரும்புத் தகட்டை ராட்சத இயந்திரத்தில் வைத்து அழுத்தி எடுப்பவை. ஒரு கதவுத் தகட்டுக்கே இழுக்க ஒன்று, வெட்ட ஒன்று, துளையிட ஒன்று, மடிக்க ஒன்று என நான்கைந்து எஃகு அச்சுகள் வேண்டும். அவற்றை ஒட்டவைக்கும் வெல்டிங் சட்டங்கள் வேறு. விளக்கு, இருக்கை, டேஷ்போர்டு செய்து தரும் சிறு நிறுவனங்களும் தங்கள் மோல்டுகளைப் புதிதாகச் செய்ய வேண்டும். இத்தனை செலவும் முதல் கார் விற்பதற்கு முன்பே போட்ட பணம்.

சின்ன காரில் ஒரு வண்டிக்குக் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. ஆகவே போட்ட முதலை எடுக்க லட்சக்கணக்கில் விற்றாக வேண்டும். முதல் திரும்பிய பிறகு அதே அச்சில் வரும் ஒவ்வொரு காரிலும் லாபம் கூடும். அந்த நேரத்தில் அச்சைத் தூக்கிப் போட எந்த வியாபாரிக்கு மனம் வரும்?

இதற்கு இடைவழியாக வந்ததுதான் முகத்திருத்தம். பம்பர், விளக்கு, முன்கிரில் ஆகியவற்றை மாற்றுவார்கள். இவை பெரும்பாலும் பிளாஸ்டிக். இரும்பு அச்சைவிட இவற்றின் மோல்டுக்குச் செலவு குறைவு. வாங்குபவருக்குப் புதுக் கார்போல் தெரியும். கதவும் கூரையும் பழையவையே. மைவியைப் பாருங்கள். 2005இல் முதல் மைவி, 2011இல் இரண்டாவது, 2017 நவம்பரில் மூன்றாவது. ஆறு ஆண்டுக்கு ஒருமுறை மாறி வந்த கார், 2021இல் முகத்திருத்தம் மட்டும் பெற்று, 2025 முடியும்வரை அதே கூட்டில் ஓடியது.

வேலி இருந்தால் அவசரம் இல்லை

அடுத்த காரணம் வரி. வெளிநாட்டுக் கார்களுக்குப் பெரும் வரி விதிக்கப்பட்ட காலத்தில் தேசிய கார்களைச் சுற்றி வேலி இருந்தது. ஆசியான் ஒப்பந்தத்தால் அந்த வேலி தாழ்ந்தது. அதே காலத்தில் மைவி சந்தையைப் பிடித்தது. 2006இல் பெரோடுவா விற்பனையில் புரோட்டோனை முந்தியது. அதன் பிறகுதான் 2008இல் சாகா உண்மையிலேயே புதிதானது. போட்டி கதவைத் தட்டினால்தான் வீட்டுக்காரர் எழுந்திருப்பார் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

தமிழ்நாட்டுப் பக்கமும் இதே கதைதான். இந்தியாவில் மாருதி 800 கார் 1983இல் வந்து, 2014 வரை உயிரோடு இருந்தது. 1998இல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்த பிறகு, சின்ன கார் என்றால் என்ன என்ற எதிர்பார்ப்பே அங்கு மாறியது.

அதிகம் தாமதித்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் ஹென்றி ஃபோர்டு இதற்குப் பாடம். 1908இல் தொடங்கிய 'மாடல் டி' காரை ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் விற்றார். போட்டியாளர்கள் புதுப்புது கார்களைக் கொண்டுவந்தபோதும் மாற்ற மறுத்தார். கடைசியில் 1927இல் மாற்றியே ஆகவேண்டிய நிலை. புதிய காருக்காக ஆலையையே பல மாதம் மூட வேண்டியதாயிற்று.

அவசரத்திலும் ஆபத்து

அப்படியானால் வேகமாக மாற்றுவதுதான் நல்லதா? அதுவும் இல்லை. பெரோடுவாவின் பங்காளியான டைஹட்சு, பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு செய்ததாக 2023இல் ஒப்புக்கொண்டது. அந்தப் பட்டியலில் ஆக்சியாவின் பெயரும் இருந்தது. விசாரணைக் குழு சுட்டிக்காட்டிய முக்கியக் காரணம் என்ன தெரியுமா? புதிய மாடல்களை மிகக் குறுகிய காலக்கெடுவில் முடிக்கச் சொன்ன நெருக்குதல்!

கெடாவுக்குச் சொந்த அனுபவமும் உண்டு. கூலிமில் இனோகோம் ஆலையில் ஆத்தோஸ் கார் பொருத்தப்பட்டது. குரூணில் நாசா ஆலையிலிருந்து 2006இல் '206 பெஸ்தாரி' வந்தது. கஞ்சிலைவிடப் பார்வையாக இருந்த கார்கள் அவை. இன்று அவற்றைச் சாலையில் காண்பது அரிது. கஞ்சிலோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. காரணம், ஒரே அச்சு பல ஆண்டு நீடித்ததால் சாமான் எங்கும் கிடைக்கிறது. எந்தப் பட்டறைக்காரருக்கும் கைப்பழக்கம் இருக்கிறது.

இப்போது அதே கூலிமில் சீனாவின் செரி கார்கள் பொருத்தப்படுகின்றன. 2025இல் புரோட்டோன் 60,000 வெள்ளிக்குக் குறைவாக ஒரு சின்ன மின்சாரக் காரைக் கொண்டுவந்தது. ஆண்டு இறுதியில் பெரோடுவாவும் மின்சாரக் காரை அறிமுகப்படுத்தியது. இன்று செய்யும் பெட்ரோல் கார் அச்சு இன்னும் ஆறேழு ஆண்டு உழைக்க வேண்டும். அதற்குள் சந்தை மின்சாரத்துக்குத் திரும்பிவிட்டால் போட்ட பணம் வீண். இந்தக் குழப்பமும் மாற்றத்தைத் தள்ளிப்போட வைக்கிறது.

தவணை கட்டுபவரின் கணக்கு

நம் நாட்டில் கார்க் கடன் 9 ஆண்டு வரை போகிறது. 2005இல் 9 ஆண்டுத் தவணையில் மைவி வாங்கியவருக்கு, கடன் இன்னும் மூன்று ஆண்டு பாக்கி இருக்கும்போதே புது மைவி வந்துவிட்டது. புது உருவம் வந்தவுடன் பழையதன் மறுவிற்பனை விலை இறங்கும். ஆகவே மெதுவான மாற்றம் தவணை கட்டும் குடும்பத்துக்கு ஒருவகையில் காவல்.

ஆனால் ஒன்றில் மட்டும் தாமதத்தை மன்னிக்க முடியாது. அது உயிர்ப் பாதுகாப்பு. நம் குடும்பங்கள் பிள்ளைகளோடு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஓட்டிச் சென்ற கஞ்சிலில் காற்றுப்பை இல்லை. 2017இல் வந்த மைவி ஆசியான் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. பழைய கூட்டுக்கும் புதிய கூட்டுக்கும் உள்ள வேறுபாடு விளக்கின் அழகில் இல்லை, இதில்தான் இருக்கிறது. 2023இல் பழைய ஆக்சியா உருவிலேயே 22,000 வெள்ளிக்கு ஒரு கார் விற்பனைக்கு வந்தது. புதிய உருவ ஆக்சியாவின் அன்றைய தொடக்க விலையோ 38,600 வெள்ளி. கையில் பணம் குறைந்தவருக்குப் பழைய அச்சு ஒரு வழி திறக்கிறது. அதே நேரத்தில், புதிய பாதுகாப்பு வசதிகள் எல்லாம் வேண்டுமென்றால் கூடுதல் பணம் தேவைப்படுகிறது.

ஆகவே கடைக்குப் போகிறவர்கள் நிறத்தையும் திரையையும் பார்ப்பதற்கு முன் நான்கு கேள்வி கேட்கட்டும். இந்த மாடல் முதலில் எந்த ஆண்டு வந்தது? எத்தனை காற்றுப்பை? சறுக்கலைத் தடுக்கும் கட்டுப்பாடு உண்டா? மாடல் மாறப் போகும் நேரமென்றால் எவ்வளவு கழிவு தருவீர்கள்? முடிந்தால் கடனை 9 ஆண்டுக்கு இழுக்காமல் குறைத்துக்கொள்ளட்டும்.

போட்ட முதலை எடுக்கும்வரை காத்திருப்பது கம்பெனியின் கணக்கு. வாங்குபவரும் தம் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவதே நல்லது.