ஜெம் கிளிப்பும் கறவை மாடும்



உர ரசீது, சிட்டா நகல், வங்கிக் காகிதம் என்று எது வாங்கினாலும் கூடவே ஒரு ஜெம் கிளிப்பும் வீடு வந்து சேருகிறது. தூக்கி எறியாதீங்க. பிரித்து நீட்டினால் சுமார் 10 சென்டிமீட்டர் கம்பி, கையாலேயே வளைக்கலாம்.

மண் பரிசோதனைக்கு அரைக் கிலோ மண்ணைத் துணிப்பையில் அனுப்புகிறோம். பெயர், சர்வே எண், பயிர் எழுதிய சீட்டைப் பையின் வெளியே கிளிப்பால் மாட்டுங்கள். மண்ணுக்குள் கிளிப் போகக்கூடாது; துரு கலந்தால் இரும்புச்சத்துக் கணக்கு தப்பிவிடும். மிச்ச விதைப் பொட்டலத்தின் வாயை மடித்துக் கிளிப் போடலாம். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டையை வெள்ளை ஈ பிடிக்கத் தொங்கவிடுகிறோமே, அதற்குக் கொக்கியாகவும் ஆகும்.

ஆனால் மூன்று இடத்துக்கு இது ஆகாது.

ஒன்று, தெளிப்பான் நாசில். அடைப்பைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி மருந்து அதிகமாக இறங்கும். வாயால் ஊதவும் கூடாது. தண்ணீரில் போட்டுப் பழைய பல் பிரஷால் தேயுங்கள்.

இரண்டு, மோட்டார் பியூஸ். லோடு கூடினால் உருகி அறுந்து மோட்டாரைக் காப்பதுதான் பியூஸ் கம்பியின் வேலை. அந்த இடத்தில் கிளிப்பைச் சொருகினால் அது சட்டென்று அறாது. சுருள் கருகும், தீயும் பிடிக்கலாம்.

மூன்றாவதுதான் முக்கியம், மாட்டுத் தீவனம். மாடு பொறுக்கித் தின்பதில்லை. கிடைத்ததை அப்படியே விழுங்கும். கம்பி இரண்டாவது இரைப்பையில் தங்கிவிடும். அதற்கு முன்னால், உதரவிதானத்தைத் தாண்டினால் இதயம். இரைப்பை சுருங்கச் சுருங்க முனை குத்திக்கொண்டே போகும். தீனி குறையும், பால் வற்றும், முதுகை வளைத்து நிற்கும், மேட்டிலிருந்து இறங்கத் தயங்கும். சாதாரண அஜீரணம் என்று கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மார்பின் கீழ் வீக்கம் கண்டபிறகு மாட்டைக் காப்பாற்றுவது கஷ்டம்.

ஆகவே, கிளிப்புக்கென்று மூடி போட்ட ஒரு டப்பா வைத்துக்கொள்ளுங்கள். பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தம் இருந்தால், தவிட்டைத் தொட்டியில் கொட்டுமுன் அதற்குள் ஒருமுறை துழாவிப் பாருங்கள். ஆணியும் கம்பியும் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.