வானிலிருந்து திரும்பும் வழி



மும்பை விக்ரோலியில் கோத்ரெஜ் தொழிற்சாலை இருக்கிறது. பூட்டும் பீரோவும் செய்யும் கம்பெனி என்றுதான் பலருக்கும் தெரியும். நம் நாட்டு ராக்கெட்டுகளில் உள்ள விகாஸ் எஞ்சின்கள் பலவும் அங்கே செய்யப்பட்டவைதான். விண்கலத்தை மேலே அனுப்ப அந்த எஞ்சின் உதவுகிறது. மேலே போன கலம் பத்திரமாகத் திரும்ப வேண்டாமா? அதுதான் பெரிய பாடு.

பூமியைச் சுற்றும் கலம் ஒரு நொடியில் சுமார் 8 கிலோமீட்டர் ஓடும். விக்ரோலியிலிருந்து சி.எஸ்.டி. போக லோக்கல் ரயிலுக்கு அரை மணிக்கு மேல் ஆகும். இந்தக் கலத்துக்கு மூன்றே நொடி போதும்!

அந்த வேகத்தில் கலம் காற்றுக்குள் நுழைகிறது. எதிரே உள்ள காற்று விலக நேரமில்லை. அப்படியே நசுங்குகிறது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடும் அல்லவா? காற்றை அழுத்தினால் சூடேறும். இங்கே பல ஆயிரம் டிகிரி சூடு! காற்று, மின்சாரம் ஏறிய கனலாக மாறிவிடும். இதன் பெயர் பிளாஸ்மா. வெல்டிங் வைக்கும்போது கண்ணைப் பறிக்கும் ஒளியும் பிளாஸ்மாதான்.

இந்தக் கனல் கலத்தை மூடிக்கொண்டால் வானொலி அலைகள் தடைபடும். சில நிமிடம் பேச்சே நின்றுபோகும். கீழே இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக் காத்திருப்பார்கள்.

இரும்பு சுமார் 1500 டிகிரியில் உருகும். கலம் எப்படித் தப்புகிறது? அதன் முகம் மழுங்கலாக இருக்கும். அதனால் கொதிக்கும் காற்று சற்றுத் தள்ளியே நிற்கும். மேலே வெப்பக் கவசமும் உண்டு.

2007 ஜனவரி 10 அன்று இஸ்ரோ, 550 கிலோ எடையுள்ள எஸ்.ஆர்.இ.-1 கலத்தை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பியது. அதன் மேல் சிலிகா ஓடுகள் ஒட்டியிருந்தார்கள். மணலில் உள்ள பொருள்தான் சிலிகா. ஜனவரி 22 அன்று கலம் வங்கக் கடலில் பத்திரமாக இறங்கியது. அதில் ஆட்கள் இல்லை.

கவசத்தில் ஓட்டை விழுந்தால்? 2003 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் கொலம்பியா விண்ணோடம் கிளம்பியது. அப்போது நுரைத் துண்டு ஒன்று பிய்ந்து இடது இறக்கையில் மோதியது. அது படத்திலும் பதிவானது. பெரிய ஆபத்து இல்லை என்று பொறுப்பாளர்கள் முடிவு செய்தார்கள். பிப்ரவரி 1 அன்று திரும்பும்போது, அந்த ஓட்டை வழியே கனல் உள்ளே புகுந்தது. விண்ணோடம் சிதறியது. ஹரியானாவில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள்.

நம் நாட்டுக் கலத்தில் மனிதரை அனுப்ப, 2018-இல் ககன்யான் திட்டம் அறிவிக்கப்பட்டது. போகிறவர்கள் வீடு திரும்ப வேண்டும். எனவே, சின்ன ஓட்டைதானே என்று யாரும் விட்டுவிடக் கூடாது.