முதல் வகுப்புக்கு வரும் குழந்தை



தம் உத்தியோக காலம் முழுவதையும் ஒன்றாம் வகுப்பிலேயே கழித்த ஓர் ஆசிரியையின் நினைவாக, அவரிடம் அகரம் பயின்று இன்று நடுவயதைக் கடந்துவிட்ட மாணாக்கர்கள் நிறுவியிருக்கும் இவ்வறக்கட்டளையின் சார்பில் பேச வாய்த்ததைப் பெரும் பாக்கியமாகவே கருதுகிறேன். பேராசிரியர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் நினைவுச் சொற்பொழிவுகள் நடைபெறுவது நம் நாட்டில் சகஜம். அழுதுகொண்டு வந்த குழந்தையின் மூக்கைத் துடைத்து, மடியில் இருத்தி, பலப்பத்தை அதன் விரல்களுக்கிடையே பொருத்திக் கொடுத்தவருக்கு அத்தகைய மரியாதை கிடைப்பது அபூர்வம்.

நம் மாநிலத்தில் 5 வயது நிரம்பிய குழந்தை ஒன்றாம் வகுப்பில் சேர்கிறது. அதற்கு எழுத்தறிவிப்பதே அவ்வகுப்பின் பிரதான காரியம் என்று பெற்றோரும் அதிகாரிகளும் ஒருங்கே எண்ணுகின்றனர். எழுத்தறிவிப்பது அவசியமான காரியந்தான். ஆயினும் அதற்கு முந்தியதும் அதனினும் அருமையானதுமான காரியம் ஒன்று உண்டென்பது என் திடமான அபிப்பிராயம். குழந்தையைப் பேசவிட்டு, அது சொல்வதைச் சிரத்தையோடு கேட்பதே அது.

பள்ளிக்கு வரும் குழந்தை ஒன்றும் அறியாமல் வருவதில்லை. ஜூன் மாதத்தில் ஒரு நாள், மழை பிடித்துக்கொண்ட காலை வேளையில், ஒரு சிறுவன் ஈரத்தலையோடு தாமதமாக வந்து வாசற்படியில் நின்றான். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, "மழ பேஞ்சா ஆடு நனஞ்சிரும் டீச்சர், அதான் கொட்டாய்க்குள்ள கட்டிட்டு வந்தோம்" என்று ஒரே மூச்சில் சொன்னான். அந்த ஒரு வாக்கியத்தில் நிபந்தனை இருக்கிறது, காரணம் இருக்கிறது, இனி நேரவிருப்பதும் நடந்து முடிந்ததும் தத்தம் இடத்தில் பிசகின்றி அமைந்திருக்கின்றன. இலக்கண நூல் எதையும் கண்ணால் கண்டிராத அவன், தாயும் பாட்டியும் அண்டை அயலாரும் பேசக் கேட்டே இத்தனையையும் சம்பாதித்து வைத்திருக்கிறான். இந்தச் செல்வத்தோடு வருகிறவனைப் பார்த்து நம் வகுப்பறைகள் பல காலமாகச் சொல்லி வந்த முதல் வாசகம், "கையைக் கட்டு, வாயைப் பொத்து" என்பது. பேசத் தெரிந்தவனை ஊமையாக்கிய பிறகு வாசிக்கக் கற்றுக்கொடுக்க முற்படுவது எத்தனை விபரீதம்!

பேச அனுமதித்தால் மட்டும் போதாது. எப்படிப் பேசினாலும் ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். புத்தகம் 'தண்ணீர்' என்கிறது, குழந்தை 'தண்ணி' என்கிறது. புத்தகம் 'வீடு' என்கிறது, சில ஊர்களில் குழந்தை 'வூடு' என்கிறது. வாய் திறந்த மாத்திரத்தில் திருத்தப்படுகிற குழந்தை இரண்டொரு வாரங்களில் வாய் திறப்பதையே விட்டுவிடும். ஓசூர்ப் பக்கத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளிலிருந்தும், தாளவாடி மலையில் கன்னடம் பேசும் வீடுகளிலிருந்தும், நீலகிரியில் இருளர், படகர் குடும்பங்களிலிருந்தும் வருகிற குழந்தைகளுக்கோ பள்ளியின் தமிழ் முழுவதுமே புதிய பாஷை. இவர்களுக்கு முதல் சில மாதங்கள் எழுத்தே வேண்டாம். கதையும் பாட்டும் விளையாட்டுமாகத் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கட்டும், தாய்மொழியில் பதில் சொன்னால் அதையும் ஆசிரியர் முகமலர்ச்சியோடு வாங்கிக்கொள்ளட்டும்.

இனி எழுத்துக்கு வருகிறேன். 247 எழுத்துகள் என்று கேட்டாலே மலைப்பாக இருக்கிறது. 12 உயிரும் 18 மெய்யும் சில குறிகளும் அறிந்தால் மற்றவை சேர்க்கையாலே விளைபவை என்று பெரியவர்களாகிய நாம் எளிதில் சமாதானம் சொல்லிவிடுகிறோம். குழந்தையின் இடத்தில் அமர்ந்து பார்த்தால் சங்கடம் புலப்படும். 'கை' என்று சொல்லும்போது ககர ஒலி முதலிலும் ஐகார ஒலி பின்னும் காதில் விழுகின்றன. எழுதும்போதோ ஐகாரக் குறியை முதலில் எழுதிவிட்டுப் பிறகு ககரத்தை எழுதவேண்டும். 'கொ' என்பதில் குறி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் நிற்கிறது. உகரமோ கு, சு, து, மு என்று எழுத்துக்கொரு கோலம் பூணுகிறது. ரகரத்தையும் துணைக்காலையும் ஒன்றாக எண்ணி மயங்குகிற குழந்தையை மந்தபுத்தி என்று தீர்மானிக்கும் முன், அவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒரு கணம் உற்று நோக்குதல் நலம். 1978ஆம் ஆண்டில் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசாங்கம் ஏற்று, ணா, றா, னா, லை, ளை முதலியவற்றின் தனி வடிவங்களைக் கைவிட்டபோது, அதனால் அதிகமாக உபகாரம் பெற்றவர்கள் அச்சுக்கூடத்தாரல்லர், ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளே என்று நான் நினைப்பதுண்டு.

கையின் நிலையையும் கவனிக்கவேண்டும். மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகளுள் சில, இந்த வயதில் இன்னும் எலும்பாக இறுகாமல் குருத்தாகவே இருக்கின்றன. இப்படிப்பட்ட கையைக் கொண்டு இரட்டைக்கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுத வற்புறுத்துவதும், மூன்றரை வயதுக் குழந்தைக்கே அதை வீட்டுப்பாடமாகக் கொடுத்தனுப்புவதும் சரீரதர்மத்துக்கே விரோதமானவை. நம் முன்னோர் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி விரலால் எழுதப் பழக்கினர். மணலில் முழுக்கையும் அசையும், அழுத்தவேண்டியதில்லை, பிழைத்தால் உள்ளங்கையால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம், பிழை போன இடமே தெரியாது. சென்னை எழும்பூரில் 1789 முதல் ஆண் அநாதைகள் இல்லத்தின் மேற்பார்வையாளராக இருந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் இந்நாட்டுப் பள்ளியொன்றில் இம்முறையைக் கண்டு வியந்து, தம் இல்லத்திலும் அதனைப் புகுத்த விரும்பியபோது, கீழ் வகுப்பைக் கற்பிக்க 8 வயதுச் சிறுவன் ஒருவனையே நியமித்தார். ஊர் திரும்பி 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியே, சிறுவரைக் கொண்டே சிறுவருக்குக் கற்பிக்கும் முறை சென்னையின் பெயராலேயே மேல்நாடுகளில் பரவிற்று. பின்னர் 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து, யுத்தத்தின் காரணமாக நம் தேசத்திலேயே பல ஆண்டுகள் தங்க நேர்ந்த மரியா மாண்டிசோரி அம்மையாரும், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பார்க்கவிட்ட பிறகே எழுதுகோலைக் குழந்தையிடம் கொடுக்கச் சொன்னார். விரலால் அறிந்த வடிவம் மனத்தில் தங்கும் என்பதைத் திண்ணை உபாத்தியாயரும் இத்தாலிய வைத்தியரும் தனித்தனியே கண்டுகொண்டது எனக்குப் பெரும் ஆறுதலைத் தருகிறது.

கணக்கிலும் இவ்வாறே. ஒன்று முதல் நூறு வரை ஒப்பித்துவிட்டால் எண் தெரிந்துவிட்டது என்று எண்ணுகிறோம். ஏழு புளியங்கொட்டைகளை ஒட்டி வரிசையாக வைத்து, அதன் கீழ் இன்னும் ஏழு கொட்டைகளைச் சரிக்குச் சரியாக வைத்தால், இரண்டு வரிசையும் சமம் என்று குழந்தை சொல்லும். அதன் கண் முன்னேயே கீழ் வரிசையை அகலமாகப் பரப்பிவிட்டுக் கேளுங்கள். கீழேதான் நிறைய என்று சந்தேகமே இல்லாமல் சொல்லும். ஒப்பிக்கத் தெரிந்த எண் அதற்கு இன்னும் பொருளோடு ஒட்டவில்லை. சுவிட்சர்லாந்து தேசத்து அறிஞர் பியாஜே இதனை விரிவாக ஆராய்ந்து எழுதினார். இதற்குத் திருத்தமும் வேண்டாம், கோபமும் வேண்டாம். கொட்டைகளைக் குழந்தையின் கையிலேயே கொடுத்து, சேர்க்கவும் பரப்பவும் பங்கிடவும் விட்டுவிட்டால், சில மாதங்களில் அதுவாகவே ஒரு நாள், "ரெண்டும் ஒண்ணுதானே" என்று நம்மை விசித்திரமாகப் பார்க்கும்.

வயிற்றையும் சொல்லாமல் விடலாகாது. சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியதும், காமராசர் 1956இல் மாகாணமெங்கும் விரித்ததும், எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக வளர்த்ததுமான மதிய உணவு நாமறிந்ததே. ஆனால் விடியற்காலையில் கூலிக்குப் போகும் தாயின் குழந்தை மதியம் வரையில் வெறும் வயிற்றோடு பாடம் கேட்க நேர்ந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி முதற்கட்டமாக 1,545 ஆரம்பப் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்த காலை உணவுத் திட்டம் அந்தக் குறையைத் தீர்க்கத் தலைப்பட்டது. இன்னொரு தேவையை நாகரிகம் கருதி யாரும் மேடையில் பேசுவதில்லை. "டீச்சர், ஒன்னுக்கு" என்று கேட்கத் தைரியமின்றி அடக்கிக்கொண்டு, பாவாடை நனைந்து, மற்றக் குழந்தைகள் சிரிக்க அழுது நிற்கும் சிறுமி அன்று கற்றுக்கொள்வது, பள்ளி என்பது அவமானம் நேரும் இடம் என்பதை மட்டுமே. கேட்காமலே எழுந்து போகலாம் என்ற விதியும், தண்ணீர் வரும் குழாயும், உள்ளிருந்து குழந்தைக்கு எட்டும் தாழ்ப்பாளும் முதல் வகுப்பின் பாடத்திட்டத்தைச் சேர்ந்தவையே.

கற்பிக்கும் முறையும் மாறி வந்திருக்கிறது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் பரீட்சார்த்தமாகப் புகுந்து, பிறகு மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், ஆந்திரத்து ரிஷிவேலியில் உருவான முறையைத் தழுவியது. அதன் பாட அட்டைகளும் அவற்றை வரிசைப்படுத்திய ஏணிப்படிகளும் சிற்சில இடங்களில் குழந்தையை ஆசிரியரிடமிருந்து பிரித்து அட்டையோடு விட்டுவிட்டன என்பது என் வருத்தம். ஆயினும் அது கொண்டுவந்த இரண்டு மாற்றங்கள் ஒப்பற்றவை: ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கித் தரையில் அமர்ந்தார், சுவரின் கீழ்ப்பாகம் முழுதும் கரும்பலகையாகி, குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் தம் பெயரிட்ட ஒரு துண்டுப் பலகை சொந்தமாயிற்று. 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமோ, 8 வயதுக்குள் குழந்தை பொருளுணர்ந்து வாசிக்கவும் கணக்கிடவும் வேண்டும் என்று இலக்கு வைத்து, முதல் மூன்று வகுப்புகளையும் சேர்த்து நோக்கிற்று. அவகாசம் தரும் இந்த விவேகத்தை நான் மனமார வரவேற்கிறேன். ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள் எல்லாம் வந்துவிடவேண்டும் என்ற அவசரத்தில் எத்தனையோ குழந்தைகள் நிரந்தரமாகப் பின்தங்கியிருக்கிறார்கள்.

இவ்வளவும் நடப்பதற்கு வேண்டியவர் ஆசிரியர். கட்டாயக் கல்விச் சட்டம் 60 குழந்தைகள் வரையுள்ள ஆரம்பப் பள்ளிக்கு இருவரை விதிக்கிறது. ஐந்து வகுப்புகளை இருவர் பங்கிடும்போது, மற்ற வகுப்புகள் போக மிஞ்சிய நேரமே ஒன்றாம் வகுப்புக்குக் கிடைக்கிறது. பெரிய பள்ளிகளிலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரிடம் அவ்வகுப்பை ஒப்படைப்பதும், அனுபவம் முதிர்ந்தவரை ஐந்தாம் வகுப்புக்கு உயர்த்துவதும் வழக்கமாகிவிட்டன. இது தலைகீழான ஏற்பாடு. பள்ளியிலுள்ளவர்களுள் பொறுமையும் அனுபவமும் மிக்கவர் எவரோ அவரே ஒன்றாம் வகுப்பை ஏற்கவேண்டும். அவரே அக்குழந்தைகளோடு இரண்டாம் வகுப்புக்கும் செல்லவேண்டும். ஈராசிரியர் பள்ளியானால், மூத்த வகுப்புகளைத் தாமே வாசிக்கவும் கணக்குப் போடவும் பழக்கி வைத்து, காலையின் முதல் ஒரு மணி நேரத்தை முழுதாக இந்தச் சிறுவர்களுக்கே ஒதுக்கவேண்டும். வருகிற ஜூன் மாதத்தில் வகுப்புகளைப் பங்கிட அமரும் தலைமையாசிரியர்கள் இவ்வவையில் பலர் இருக்கிறீர்கள். அந்தப் பட்டியலை ஒன்றாம் வகுப்பிலிருந்து எழுதத் தொடங்குங்கள் என்று உங்களைக் கைகூப்பி வேண்டுகிறேன்.